கேஸ் எழுதுவதும் கதை எழுதுவதும்

(எமது சங்கத்தின் வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



'நாவல் எழுதக் கற்றுக்கொள்வது எப்படி' என்ற தலைப்பைத் தந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஊரில் உயர்தரம் வரைக்கும் படித்தவன். அதோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் வேலை. ஒரு கிழமை காலமை, அடுத்த கிழமை பின்னேரம், அதற்கடுத்த கிழமை இரவு. நாவல் ஒன்றும் எழுதியதில்லை. சில சிறுகதைகள் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாவலை மூன்று தரம், பென்சிலும் கொப்பியும் கையில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை எண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உயர்தரத்தில் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், நாவல் என்றால் எங்களுக்குக் குறிப்புத்தான். கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திர வார்ப்பு, உரையாடல், உத்தி என்று ஐந்து தலைப்புப் போட்டு ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் பாடமாக்குவோம். சோதனைக்கு அது போதும், எழுதுவதற்குப் போதாது. தொழிற்சாலையில் ஒரு மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று அறிய அதன் படத்தைப் பார்த்தால் மட்டும் காணாது. நிறுத்தி, மூடியைக் கழற்றி, எந்தப் பல்லுச்சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். நாவலும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாது. கதையின் வேகம் எங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆறுதலாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று விளங்கும்.

நான் எடுத்துக்கொண்ட நாவல் அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்'. தலைப்பைக் கேட்டதும் சிலருக்கு 'தண்ணீர் தண்ணீர்' படம் ஞாபகத்துக்கு வரும். அது வேறு. அது கோமல் சுவாமிநாதனின் நாடகம், 1981 இல் பாலச்சந்தர் படமாக எடுத்தது, வறண்ட கிராமம் ஒன்றின் கதை. இன்னும் சிலருக்கு எங்கடை கே. டானியல் ஞாபகத்துக்கு வருவார். அவரும் 'தண்ணீர்' என்ற பெயரில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கிணற்றில் அள்ள உரிமை மறுக்கப்பட்ட மக்களின் கதை அது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னைப் பட்டணத்தில், ஒரு தெருவுக்குள்ளே நடப்பது. கணையாழி சஞ்சிகையில் தொடராக வந்து 1973 இல் புத்தகமாகியது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். சின்னப் புத்தகம். ஷிப்ட் வேலை செய்கிற மனிசன் கையிலெடுத்து முடிக்கக்கூடிய அளவு. நான் அதைத் தெரிவுசெய்ததற்கு முதற்காரணம் அதுதான்.

ஆசிரியரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1931 இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தகப்பனார் இறந்தபின் 1952 இல் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை செய்து 1966 இல் அதைவிட்டு விலகி, எழுத்தையே நம்பி வாழ்ந்தவர். 1996 இல் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தது. 2017 மார்ச்சில் காலமானார். சினிமாக் கொம்பனியில் வேலை செய்தவருக்குச் சினிமாவின் வாசலில் காத்துக்கிடக்கிற சனத்தை நன்றாகத் தெரியும். அது இந்த நாவலுக்குள் வருகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர். வாடகை அறையில் இருக்கிறார்கள். ஜமுனா சினிமாவில் சின்னச் சின்ன வேஷம் போடுகிறவள். பெரிய வேஷம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி பாஸ்கர் ராவ் என்ற ஒருவன் கார் கொண்டுவந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவான். எதற்காகக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று தங்கைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சாயாவின் கணவன் இராணுவத்தில் இருக்கிறான், பிள்ளை உறவினர் வீட்டில் வளர்கிறது. சாயா கோபித்துக்கொண்டு அக்காவை விட்டுப் போகிறாள். ஜமுனா ஒருகட்டத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் போகிறாள். அதே தெருவில் ரீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். ஜமுனாவை நிமிர்த்துகிறவர் அவர்தான். இவ்வளவும் நடக்கும்போது அந்தத் தெருவில் தண்ணீர் இல்லை. சனம் குடத்தோடும் வாளியோடும் அலைகிறது. பிறகு தெருவைக் கிண்டுகிறார்கள், குடிதண்ணீரோடு சாக்கடை கலக்கிறது. இதுதான் கதை. யுத்தம் இல்லை, கொலை இல்லை.

முதல் தரம் வாசித்தபோது கதைக்காகத்தான் வாசித்தேன். இரவு வேலையில் அரை மணித்தியால இடைவேளை. சாப்பிட்டுவிட்டு மிச்சம் பதினைந்து நிமிடம். ஒரு கிழமையில் முடிந்தது. முடித்தபின் எனக்கு ஒரு கேள்வி வந்தது. சென்னையை நான் கண்டதில்லை. அந்தத் தெருவைத் தெரியாது. ஆனால் ஜமுனா எங்கடை ஒழுங்கைக்குள்ளே இருக்கிற ஒரு பிள்ளை மாதிரி மனதில் நிற்கிறாள். இந்த எழுத்தாளர் என்ன செய்து இதைச் செய்தார்? அழ வைக்கிற வசனம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அப்படியென்றால் எங்கே இருந்து வந்தது இந்தப் பாரம்?

இரண்டாம் தரம் பென்சிலோடு இருந்தேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கொப்பியில் நாலு கேள்வி எழுதி வைத்தேன். இதில் யார் வருகிறார்கள்? எங்கே நிற்கிறார்கள்? அவர்களுக்கு என்ன வேண்டும்? தண்ணீர் எங்கே இருக்கிறது? இந்த நாலு கேள்விக்கும் விடை எழுதிக்கொண்டு போகப் போக, புத்தகத்தின் மூடி கழன்றது. நான் கண்டவற்றில் முக்கியமான நாலைச் சொல்கிறேன்.

முதலாவது: தண்ணீரைப் பற்றி எழுத்தாளர் பேசுவது குறைவு, தண்ணீரைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் என்பது வாழ்க்கை, தண்ணீர் என்பது அன்பு, தண்ணீர் என்பது மானம் என்று எங்கேயாவது விளக்கம் சொல்வார் என்று தேடினேன். இல்லை. குடம் இருக்கிறது, வாளி இருக்கிறது, அடிபம்பு இருக்கிறது, விடியமுன் எழும்புகிற பெண்கள் இருக்கிறார்கள். அதை வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வதும் அன்பு என்று எடுத்துக்கொள்வதும் வாசிக்கிறவரின் வேலை. ஒரு பொருளைக் கதையில் வைத்தால் முதலில் அது பாரமாக இருக்க வேண்டும். கைக்குப் பாரமாக இருந்தால்தான் மனதுக்கும் பாரமாகும்.

இரண்டாவது: எழுத்தாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஜமுனா கெட்டுப்போனவள் என்றும் சொல்லவில்லை, பாவம் அறியாதவள் என்றும் சொல்லவில்லை. பாஸ்கர் ராவுக்குக்கூட வில்லன் மீசை இல்லை. தன் பிழைப்புக்காக அலைகிற ஒரு மனிதனாகத்தான் வந்து போகிறான். அதனாலே அவன்மீது எங்களுக்கு வருகிற கோபம் எங்கள் சொந்தக் கோபமாக இருக்கிறது. எழுத்தாளர் கடன் தந்த கோபம் என்றால் புத்தகத்தை மூடினவுடனே திருப்பிக் கொடுத்துவிடுவோம். சொந்தக் கோபம் நாலு நாள் கூடவே வரும்.

மூன்றாவது: ரீச்சரம்மா வருகிற இடம். சாகப் போன ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டம். எங்களில் பலர் எழுதினால் அங்கே இரண்டு பக்கத்துக்குப் பிரசங்கம் வரும். பெண்ணே எழுந்து நில், விடியும், சூரியன் வரும் என்றெல்லாம் வரும். இந்த நாவலில் ரீச்சரம்மா ஜமுனாவைத் தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே அவரைவிட மிகவும் வயது கூடின, நோயாளியான கணவன். கூடவே மாமியார். அந்த வாழ்க்கையை ஜமுனா தன் கண்ணால் பார்க்கிறாள். ரீச்சரம்மா தன் கதையைச் சொல்கிறார், பிறகு தன் வேலையைப் பார்க்கிறார். நாளைக்கும் பள்ளிக்கூடம் போக வேண்டும், நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரு மனிசியின் துயரத்துக்கு மருந்தாக இன்னொரு மனிசியின் வீட்டைத் திறந்து காட்டுகிறார் எழுத்தாளர். அந்தப் பகுதியை வாசித்து முடித்து அன்றைக்கு மேலே வாசிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து அந்த இடத்தை எண்ணிப் பார்த்தேன். அறிவுரை நுழையக்கூடிய வாசல்கள் எத்தனை இருந்தன! ஒவ்வொன்றையும் அவர் சாத்திக்கொண்டே வந்திருக்கிறார்.

நாலாவது: முடிவு. பாஸ்கர் ராவ் திரும்பவும் வருகிறான். ஜமுனா முன்னைப்போல அவனோடு போகிறவளாக இல்லை. அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதும் தெரிகிறது. அவ்வளவுதான். அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை, பெரிய நடிகை ஆகவில்லை, தெருவில் தண்ணீர் ஆறாக ஓடவில்லை. ஆனால் முதல் அத்தியாயத்தில் நின்ற ஜமுனா இவள் இல்லை. ஒரு நாவலுக்கு அந்த அளவு நகர்வு போதும் என்று அங்கேதான் படித்தேன். ஊரைத் திருத்தத் தேவையில்லை. ஒரு ஆள் ஒரு அடி நகர்ந்தால் போதும், அந்த ஒரு அடியின் பாரம் வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஹெமிங்வே என்ற அமெரிக்க எழுத்தாளர் 1932 இல் எழுதிய ஒரு நூலில் கதையைக் கடலில் மிதக்கிற பனிப்பாறைக்கு ஒப்பிட்டிருக்கிறார். எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும். மிச்சம் ஏழு பங்கும் கீழே. எழுதுகிறவருக்குக் கீழே இருப்பது நன்றாகத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லாமல் விட்டாலும் வாசகர் உணருவார் என்பது அவர் கருத்து. இதைக் கேட்டால் விளங்கின மாதிரி இருக்கும். ஆனால் 'தண்ணீர்' நாவலில் ஒரு அத்தியாயத்தை எடுத்து, இதில் சொல்லாமல் விட்டது எது என்று கொப்பியில் பட்டியல் போட்டுப் பாருங்கோ. அப்போதுதான் அது கையில் பிடிபடும்.

மூன்றாம் தரம் நான் வாசித்தேன் என்பதைவிட எழுதினேன் என்பதே சரி. ரீச்சரம்மா வருகிற அந்தப் பகுதியை என் கையால் சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதினேன். எழுதும்போது கண் தாவிப் போகிற இடமெல்லாம் கை நின்று போகும். ஒரு வசனம் ஏன் இவ்வளவு சின்னது, அடுத்தது ஏன் நீளம், 'என்றாள்' என்று எங்கே போடுகிறார், எங்கே போடாமல் விடுகிறார் என்று கைக்குத்தான் முதலில் தெரியவரும். எங்கள் முன்னோர் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதித்தான் படித்தார்கள். சுந்தர ராமசாமி இதற்கும் ஒருபடி மேலே போனவர். 'ஒரு புளியமரத்தின் கதை' என்ற அவருடைய முதல் நாவல் 1966 இல் வந்தது. அதற்கு முன்னமே தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' இரண்டையும் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்திருந்தார். ஒரு நாவலைச் சொல் சொல்லாகப் பிரித்துத் தன் மொழியில் திரும்பப் பூட்டுவது என்றால், அதைவிட நெருக்கமான வாசிப்பு வேறு எது? இங்கே ஜெர்மன் நன்றாகத் தெரிந்த இளம் பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஒரு ஜெர்மன் சிறுகதையில் இரண்டு பக்கத்தைத் தமிழாக்கிப் பாருங்கோ. எழுதப் பழகுவதற்கு நல்ல பயிற்சி.

சரி, இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மண்டபத்தில் இருக்கிற பெரியவர்களில் அனேகர் வாழ்க்கையில் ஒரு கதையாவது சொல்லி முடித்தவர்கள். நீங்கள் எழுத்தாளர் இல்லை என்று நினைப்பீர்கள். ஆனால் எல்லோரும் 'கேஸ்' சொன்னவர்கள்தான். அகதி விண்ணப்ப விசாரணையில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எந்த வழியால் வந்தாய், எந்தத் திகதியில் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், அதற்கு ஆதாரம் என்ன? எங்கடை வாழ்க்கையை நாங்கள் முதல்முதலாக ஒரு கதையாகக் கட்டிச் சொன்னது அந்த மேசைக்கு முன்னாலேதான். அது எங்களை ஒரு விதமாகப் பேசப் பழக்கிவிட்டது.

கேஸுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், விட்டால் பிறகு சேர்ப்பது கஷ்டம். திகதி வேண்டும். கேட்கிறவர் சந்தேகத்தோடு கேட்பார், அவரை நம்ப வைக்க வேண்டும். நான் எப்போதும் பாதிக்கப்பட்டவனாகவே இருக்க வேண்டும். நடுவிலே சிரித்தேன், பக்கத்து வீட்டுக்காரனோடு மதிலுக்காகச் சண்டை பிடித்தேன், செல் விழுந்த அன்றைக்கு எனக்குப் பசித்தது, புட்டுக் கேட்டேன் என்றெல்லாம் அங்கே சொல்ல இடமில்லை. கேஸிலே முரண்பாடு வந்தால் 'ரிஜெக்ட்'. கதையிலே முரண்பாடு இல்லாட்டி அங்கே மனிசனே இல்லை!

'தண்ணீர்' நாவலை மூன்று தரம் வாசித்து நான் படித்தது இந்த வித்தியாசத்தைத்தான். எங்கள் மலர்களிலும் சஞ்சிகைகளிலும் வருகிற கதைகளை எடுத்துப் பாருங்கோ. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, அன்போடுதான் சொல்கிறேன். அனேகமானவை கேஸ் மாதிரி இருக்கும். வாசகரை ஒரு அதிகாரி மாதிரி முன்னால் இருத்தி, நம்பு, நம்பு என்று கேட்கும். துயரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். ஆனால் எங்கள் மலரை வாசிக்கிறவர் எங்களுக்கு விசா தரப் போகிறவர் இல்லை. அவர் தன்னுடைய குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருக்கிற ஒரு மனிசர். அவரை நம்ப வைக்கத் தேவையில்லை. கையைப் பிடித்து அந்தத் தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

இந்த வித்தியாசத்தை நன்றாக உணர்ந்த எழுத்தாளர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஷோபாசக்தி 2001 இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவல், இலக்கமிட்ட பந்திகளோடு ஒரு அகதி விண்ணப்பமாகத்தான் தொடங்குகிறது. அந்தக் கேஸ் வடிவத்தையே எடுத்து, அதற்குள் அடங்காத மனிசனைப் பிறகு காட்டுகிறார். அவருடைய அரசியலோடு ஒத்துப்போகிறவர்களும் இருப்பீர்கள், ஒத்துப்போகாதவர்களும் இருப்பீர்கள். எழுதப் பழகுகிறவர்கள் அந்தத் தொடக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கேஸ் எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

இதைச் சொன்னவுடன் எங்கடை ஐயா ஒருவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார். தம்பி, எங்கடை சனத்துக்கு நடந்தது இவ்வளவு. இந்த நேரத்தில் குடத்தையும் வாளியையும் பற்றி எழுதச் சொல்லுறியோ? நடந்ததைச் சாட்சியாக எழுத வேண்டாமோ?

நியாயமான கேள்வி. என்னுடைய பதில் இதுதான். சாட்சியம் வேண்டும். பெயரோடு, திகதியோடு, இடத்தோடு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். அது ஒரு தனியான, பெரிய வேலை. அதற்குள் கற்பனையைக் கலந்தால் சாட்சியம் கெட்டுவிடும். அதேபோலக் கதைக்குள் வழக்காடினால் கதை கெட்டுவிடும். டானியல் ஐயா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். தன் மக்களுக்காக நேரடியாகவே வழக்காடி எழுதினார், அதற்கு அந்தக் காலத்தில் தேவை இருந்தது. ஆனால் அவருடைய 'பஞ்சமர்' இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம் அந்த மக்களின் பேச்சும், சாப்பாடும், தொழிலும், முற்றமும் அதற்குள் இருப்பதுதான் என்பது என் அபிப்பிராயம். இரண்டு வேலையும் வேண்டும். இரண்டுக்கும் இரண்டு கொப்பி வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்வது.

இந்த நாட்டில் எங்களுக்கு ஒரு எழுத்துப் பாரம்பரியம் இருக்கிறது என்பதையும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இங்கிருந்து தூரமில்லாத ஹேர்ன நகரில்தான் 1988 இல் முதலாவது இலக்கியச் சந்திப்பு நடந்தது. 'தூண்டில்', 'மண்', 'பூவரசு' என்று ஜெர்மனியிலிருந்து சஞ்சிகைகள் வந்தன. ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிவிட்டு வந்து இரவிரவாக எழுதிய ஆட்கள் அவர்கள். எங்களுக்கு இன்றைக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. நூலகம் என்ற இணைய நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்துவைத்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. புத்தகம் கிடைக்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

எழுத விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி சின்னது. ஒரே ஒரு நாவலை எடுங்கோ. பெரிய நாவல் வேண்டாம், ஒரு கிழமையில் முடிக்கக்கூடியது போதும். முதல் தரம் கதைக்காக வாசியுங்கோ. இரண்டாம் தரம் நான் சொன்ன நாலு கேள்வியோடு வாசியுங்கோ. உங்கள் நாவலில் தண்ணீருக்குப் பதிலாக வேறு ஒரு பொருள் இருக்கும். அது நிலமாக இருக்கலாம், நகையாக இருக்கலாம், ஒரு மரமாக இருக்கலாம். அது எந்தப் பக்கத்தில் யாருடைய கையில் இருக்கிறது என்று அடையாளம் போடுங்கோ. மூன்றாம் தரம் உங்களை நிறுத்திய ஒரு கட்டத்தைக் கையால் பார்த்து எழுதுங்கோ. பிறகு புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிட்டு உங்கள் சொந்தப் பக்கம் ஒன்றை எழுதுங்கோ. அந்த எழுத்தாளரைப் போல எழுதத் தேவையில்லை. அவர் பார்த்த மாதிரி ஆறுதலாகப் பார்த்தால் காணும்.

எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கும் ஒரு யோசனை. தண்ணீரையே எழுதுங்கோ. எங்கள் நகரமே தண்ணீரால் வந்த நகரம். ஆஹென் என்ற பெயரே தண்ணீர் என்று பொருள்படும் பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். ரோமர் காலத்திலேயே இங்கே வெந்நீரில் குளித்திருக்கிறார்கள். எலிசன்புருன்னன் மண்டபத்துக் குழாயில் இன்றைக்கும் சூட்டுத்தண்ணீர் கந்தக மணத்தோடு வந்துகொண்டிருக்கிறது. திருகோணமலை ஆட்களுக்கு அதைக் கண்டால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு மூக்கைப் பொத்தத்தான் தெரியும். அந்தக் குழாயடியில் ஒரு அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் நின்றால் அங்கே ஒரு கதை நிற்கிறது.

2021 யூலையில் வெள்ளம் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்டோல்பேர்க், எஸ்வைலர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் சேறு. எஸ்வைலரில் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளையே வெளியேற்றினார்கள். அதைப் பத்திரிகைகள் எழுதின, ரெலிவிஷன் காட்டியது. ஆனால் ஊரில் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வந்த ஒரு குடும்பம் இங்கே நிலவறைக்குள் இறங்கி எதை முதலில் தூக்கியிருக்கும்? கலியாண அல்பத்தையா, விசாப் பேப்பரையா, அரிசி மூட்டையையா? அந்த ஒரு கேள்விக்கு விடை தேடினால் பத்துப் பக்கம் எழுதலாம். அந்தப் பத்துப் பக்கத்தில் 'துயரம்' என்ற சொல் ஒருதரமும் வரக்கூடாது, அகதி என்ற சொல்லும் வரக்கூடாது. அதுதான் நான் வைக்கிற ஒரே நிபந்தனை. எழுதிப் பாருங்கோ, எவ்வளவு கஷ்டம் என்று விளங்கும். எழுதி முடித்தால் எவ்வளவு பலம் என்றும் விளங்கும்.

இது ஏன் அவசரம் என்று சொல்லி முடிக்கிறேன். இந்த மண்டபத்துக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறவர்களில் இரண்டு மூன்று முகம் அடுத்த வருடம் இல்லை. எங்கடை பெரியவர்களைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்டதெல்லாம் எங்கே இருக்கிறது? அலுவலக அலுமாரிகளில், ஃபைல்களில். அங்கே அவர்கள் பிறந்த திகதி இருக்கிறது, வந்த வழி இருக்கிறது, காயம் எந்தக் காலில் என்று இருக்கிறது. அவர்கள் எப்படிச் சிரித்தார்கள், துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தபோது என்ன பாடினார்கள், முதல் பனியைக் கண்டபோது யாரைத் தொட்டுக் காட்டினார்கள் என்று எந்த ஃபைலிலும் இல்லை. நாங்கள் எழுதாவிட்டால் ஐம்பது வருடத்துக்குப் பிறகு எங்கடை பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கப்போவது அந்த ஃபைல்கள் மட்டும்தான். அம்மப்பா எப்படிப்பட்ட மனிசன் என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு கேஸ் இலக்கத்தைக் கையில் கொடுக்கப் போகிறோமா?

சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வற்றின. அப்போதும் அந்த நகரத்துச் சனம் குடத்தோடு வரிசையில் நின்றது. அந்தப் பெண்கள் விடியமுன் எழும்பி நிற்கிறபோது மனதில் என்ன ஓடும் என்று அறிய விரும்புகிறவருக்கு 1973 இல் ஒருவர் எழுதிவைத்த சின்னப் புத்தகம் இன்றைக்கும் இருக்கிறது. ஆஹெனில் வாழ்ந்த எங்களைப் பற்றி அப்படி ஒரு புத்தகம் யார் எழுதப் போகிறார்கள்? வெளியிலிருந்து ஒருவர் வந்து எழுதமாட்டார். இங்கே இருக்கிற அக்கா ஒருவர், தம்பி ஒருவர், தமிழ்ப் பாடசாலையில் கடைசி வாங்கில் இருக்கிற ஒரு தங்கச்சிதான் எழுத வேண்டும். அடுத்த மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் தாருங்கோ. ஒரு பொருள், இரண்டு மனிசர், ஒரு இடம். அதிலிருந்து தொடங்குவோம்.